உலகநாதனின் குடைச்சல்

"துப்பாக்கிச் சத்தம் கேட்டா இன்னா பண்ணுவே?" என்றான் உலகநாதன்.

"குனிஞ்சிப்பேன்" என்றாள் தாட்சாயிணி.

ஆவடியில் பஸ் ஏறியதிலிருந்தே இந்தக் குடைச்சல்தான். பூந்தமல்லி வந்து, மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் அறை வாசலில் உட்கார்ந்த பிறகும் மனுஷன் விடவில்லை. ருவாண்டா அகதிகள் முகாமில் காலரா. மூன்று மாதம் போய் வேலை செய்ய நர்ஸ் தாட்சாயிணி பெயர் கொடுத்திருந்தாள். இன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் விமானம். ஊசி போட்டுப் பத்து நாளாவது ஆகாமல் அங்கே கால் வைக்க முடியாது.

"நோயாளிங்க இங்க இல்லையா? அங்கதான் போவணுமா?"

"இங்க நான் இல்லன்னா இன்னொருத்தி சலைன் ஏத்துவா. அங்க ஏத்த ஆளில்லாமயே சாவறாங்க. நாலு பாட்டில் ஏறினா எழுந்து உக்காருவாங்க. அதைக் கண்ணால பார்த்தவ நான், சும்மா இருக்க முடியலைங்க."

"புள்ளைக்கு ஜுரம் வந்தா?"

"குவார்ட்டர்ஸுக்கு எதிர்லயே பேக்டரி ஆஸ்பத்திரி கீது. அப்பன்னு நீங்களும் கீறீங்க."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

அறையிலிருந்து நர்ஸ் லோகநாயகி எட்டிப் பார்த்தார். "ஒம்பது பேர்தான் வந்திருக்கீங்க. ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து. ஒடைச்சா அன்னிக்கே போட்டுடணும், இல்லன்னா கீழ கொட்டணும். பன்னண்டு மணிக்குள்ள பத்தாவது ஆள் வரலன்னா அடுத்த வாரம் வாங்க."

தாட்சாயிணி எழுந்து வாசலுக்கு ஓடினாள். அடுத்த வாரமென்றால் விமானம் போயே போய்விட்டது. மணி பதினொன்று ஐம்பது. தெருவில் ஈ, காக்கை இல்லை.

உலகநாதன் விருட்டென்று எழுந்தான். தொல்லை விட்டதென்று பஸ்ஸுக்குக் கிளம்புகிறான் என நினைத்து அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவனோ நேரே அறைக்குள் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"எந்த நாட்டுக்குப் போறீங்க?" என்றார் லோகநாயகி.

"ஆவடிக்கு. பத்தாவது ஆளு நான்தான், குப்பிய ஒடைங்க."

லோகநாயகி சிரித்துக்கொண்டே குப்பியை எடுத்தார். தாட்சாயிணிக்கு அப்போதே விமானம் ஏறிவிட்டாற்போல் சந்தோஷம். ஆனாலும் விடவில்லை.

"அப்ப, காலையிலேர்ந்து என்னை ஏன் அந்தக் குடை குடைஞ்சீங்க?"

"அதெல்லாம் சாயந்தரம் எங்கம்மா கேக்கப்போற கேள்வி. பதில் தெரியாம உனக்காக நான் எப்படி மல்லுக்கு நிக்கிறது?"