தலையணை உறை நிறைய வெண்ணெய்ப்பூ

காற்று ஏரிப் பக்கமிருந்து வீசத் தொடங்கியதும் ஹெல்மி தலையணை உறையை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தாள்.

உறை நிறைய டான்டெலியன் என்கிற களைச்செடியின் பஞ்சு விதை. அந்த ஊரில் அதை வெண்ணெய்ப்பூ என்பார்கள். மூன்று நாளாக, காலைப் பனி உலரக் காத்திருந்து, ஒவ்வொரு வெள்ளைத் தலையாகக் கிள்ளிச் சேர்த்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் அர்வோவின் புல்தரை. ஓரங்களை மண்டியிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுகிற மனிதன் அவன். அதன் மேல் ஒருவர் நடந்து அவள் பார்த்ததில்லை.

போன வருஷம் மே மாதம், நட்டநடுப் பகலில், அர்வோ மருந்துக் குழாயை வேலிக்கு மேலாக நீட்டி, ஹெல்மியின் நிலத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வெண்ணெய்ப்பூ முழுக்க அடித்தான். பூவுக்குப் பூ தேனீ உட்கார்ந்திருந்த நேரம்.

இரண்டே நாளில் ஹெல்மி வளர்த்த ஏழு தேனீப் பெட்டிகளும் ஓய்ந்துபோயின. பெட்டி வாசல்களில் செத்துக் கிடந்ததைக் கூட்டி வாளியில் அள்ளினாள். நான்கு வாளி.

கேட்கப் போனபோது அர்வோ சிரித்தான்.

"களைக்குத்தான் அடிச்சேன் ஹெல்மியக்கா. உங்க ஈயை யாரு அங்க வந்து உட்காரச் சொன்னா?"

ஈ என்றான்.

நகராட்சியில் எழுதிக் கொடுத்தாள். பார்த்தவர்கள் உண்டா என்றார்கள். பார்த்தது ஒரே ஒருத்தி, அர்வோவின் மனைவி சைமி. உள்ளே வேலையாக இருந்தேன் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஹெல்மி யாரிடமும் போகவில்லை. புதுத் தேனீ வாங்கவுமில்லை. அந்தச் செடியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இலை கருகியதே தவிர வேர் சாகவில்லை. செப்டம்பரில் தரையோடு தரையாகப் புது இலை வட்டமாக விரிந்தது. ஐந்து மாதம் பனிக்கு அடியில் அப்படியே கிடந்தது. ஏப்ரல் கடைசியில் நடுவில் ஒரு மொட்டு, சட்டைப் பொத்தான் அளவு. மே பாதியில் மஞ்சள். மழைக்கு மூடும், வெயிலுக்குத் திறக்கும்.

பூ வாடியதும் தண்டு சாய்ந்து மண்ணில் படுத்துவிட்டது. போயிற்று என்றுதான் முதலில் நினைத்தாள். அது படுத்தபடியே விதையை முற்றவைத்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து எழுந்தபோது முன்னைவிட இரு மடங்கு உயரம், தலை முழுக்க வெள்ளை.

அதைப் பார்த்த காலையில்தான் அலமாரியைத் திறந்து தலையணை உறையை எடுத்தாள்.

இப்போது அதைக் கவிழ்த்து உதறினாள்.

வெள்ளை, புகைபோலத் திரண்டு எழுந்து வேலியைத் தாண்டியது. ஹெல்மிக்கு மூச்சு வாங்கியது.

"தோண்டட்டும்," என்றாள் வாய்விட்டு. "ஒவ்வொண்ணா தோண்டட்டும். சாகுற வரைக்கும் குனிஞ்சு தோண்டட்டும்."

அர்வோ வீட்டின் சமையலறைக் கதவு திறந்தது. சைமி வெளியே வந்தாள்.

ஓடுகிற வயதில்லை. ஹெல்மி உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். தலைமுடியில், கையில், கழுத்தில் எல்லாம் பஞ்சு.

சைமி நேராகச் சுவரோரம் போய்த் தண்ணீரைத் திறந்து, ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வேலியை நோக்கி வந்தாள். முகத்தில் பீய்ச்சப்போகிறாள் என்று ஹெல்மி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தண்ணீர் புல்லில் விழுகிற சத்தம் கேட்டது.

"பாதி ரோட்டுக்குப் பறந்துடுதுக்கா," என்றாள் சைமி, குரலைத் தாழ்த்தி. "நனைச்சு விட்டாத்தான் ஒட்டும். மிச்சத்தையும் கொட்டுங்க."

ஹெல்மி கொட்டினாள்.

ஏன் என்று கேட்க வாயெடுத்துவிட்டுக் கேட்காமல் விட்டாள். சைமி குழாய் நுனியைப் பெருவிரலால் அழுத்தி, தூறலாக்கி, ஒரு மூலை விடாமல் நனைத்தாள். அந்த நிதானத்தைப் பார்க்க ஹெல்மிக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஏழு பெட்டித் தேனீயைவிடப் பழைய கோபம் அது.

சைமி குழாயைச் சுருட்டி மாட்டிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திறந்த ஜன்னல் வழியே, பகல் தூக்கம் கலைந்த அர்வோ எதையோ கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் சைமி. "உங்க புல்லுக்குக் கொஞ்சம் தண்ணி விட்டேன்."