தண்டவாளத்தின் கீழ் ஒரு மருதம்

காட்டிலிருந்து இறங்கி வரும் ரயில் பாதையில் ஒரு மருதமரக் கட்டை தண்டவாளத்தைச் சுமந்துகொண்டு கிடந்தது. வளைவில் மெல்ல ஊர்ந்து போகும் சரக்கு வண்டியில், அது பிறந்த காட்டின் மரங்கள் தினமும் வெட்டுப்பட்டுப் போகும். கட்டை அவற்றிடம் தவறாமல் கேட்கும்:

"ஓடைக்கரையில என் தம்பி நிக்கிறானா?"

"நிக்கிறான் அண்ணே."

அந்த ஒரு பதிலில் அதன் பொழுது கழியும்.

பக்கத்தில் கிடந்த ஜல்லிக்கல்லுக்குத்தான் பொறுக்காது. "உன் சனத்தையே அள்ளிக்கிட்டுப் போறாங்க. தண்டவாளத்தை உன்னோட பிடிச்சு வச்சிருக்கிற ஆணியைக் கொஞ்சம் நெகிழ விடேன், வண்டி சாஞ்சு நின்னுடும்."

"சும்மா கிட. முப்பது வருஷமா ஒரு வண்டியையும் நான் சாய விட்டதில்ல. அந்த விசுவாசத்துக்காவது என் தம்பியை விட்டுவைப்பாங்க."

ஐப்பசி மழையில் ஒருநாள் வண்டி வந்தது. முதல் பெட்டியில், வெட்டுவாய் ஈரம் காயாமல், தம்பி கிடந்தான்.

"டேய், நீயா? எப்படிடா வந்தே?"

"நீ தாங்குற பாதையிலதான் அண்ணே."

ஜல்லிக்கல் ஆணியைப் பார்த்தது. பின்னால் இன்னும் பதினெட்டுப் பெட்டிகள் இருந்தன. பிடியை விடுவது எப்படி என்று கட்டைக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் அலுங்காமல் கடத்தி அனுப்பியது.