கனமான தபால் பெட்டி

ஒரு வீட்டு கேட்டில் ஒரு தபால் பெட்டி தொங்கியது. யார் எதைத் திணித்தாலும் விழுங்கிவிட்டு, "நமக்குத்தான் எத்தனை சொந்தக்காரங்க!" என்று பூரித்துப்போகும். "நோட்டீஸ் போடாதீர்கள்" என்று வீட்டுக்கார அம்மா அதன் நெற்றியில் ஒட்டிய சீட்டு மழையில் உரிந்து விழுந்த பிறகுதான் அதற்கு நிம்மதி வந்தது.

ஒருநாள் மெலிந்த பழுப்பு உறை ஒன்று வந்தது. "கொஞ்சம் இடம் குடுங்க ஐயா. ஆஸ்பத்திரியிலிருந்து வர்றேன். பாப்பாவோட ரத்தப் பரிசோதனை முடிவு. அம்மா மூணு நாளா சரியா சாப்பிடலை."

"உன் மேல ஒரு படம்கூட இல்லையே!" என்றது பெட்டி.

உள்ளே சாய்ந்திருந்த ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், "இவனை எல்லாம் சேர்த்தா நம்ம மதிப்பு என்னாகும் அண்ணே?" என்றது.

உறை பாதி வெளியே தொங்கியது. தெருவில் போன ஆடு அதை நிதானமாக மென்று தின்றது.

அம்மா ஓடிவந்து அத்தனை நோட்டீஸையும் உதறிப் பார்த்தாள். பிறகு குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடினாள். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பியவள், முதல் வேலையாகப் பெட்டியைக் கழற்றினாள்.

பழைய பேப்பர்காரர் நோட்டீஸ் கட்டின்மேல் பெட்டியையும் வைத்தார். தராசுத் தட்டு சட்டென்று இறங்கியது.

"பார்த்தீங்களாடா நம்ம கனத்தை!" என்றது பெட்டி.