வாசலில் நின்ற நீலன்

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். நீலனை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

விசாவுக்கு நிற்பவர்களைப் போல ஒவ்வொருவரும் வந்து நின்றார்கள். பெயர், பிறந்த இடம் சரிபார்த்ததும் கதவு திறந்தது. நீலன் முறை வந்தபோது திறக்கவில்லை. 'இது நகல். அனுமதிக்க இயலாது' என்று ஒரு வரி வந்தது.

லமீஸ் மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே வரிதான்.

நீலன் ஓர் ஆமை. வீடியோ கேமில் பிடித்து வளர்க்கிற பிராணி. பள்ளிக்கூட நாளிலிருந்து பழைய மெஷினில் சேர்த்து வைத்திருந்த பிராணிகளை எல்லாம் அன்று காலை அவள் புது மெஷினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அதே கேமின் அடுத்த தலைமுறை அது. பழையதை மூடப்போவதாக கேம் கம்பெனி சொல்லிவிட்டது. புதியதற்குப் போன பிராணி திரும்பி வர வழியில்லை.

முதலில் போனது பூந்தி. அந்தக் குருவி தன் சிவப்பு வாலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுக் கதவைத் தாண்டியபோது லமீஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நரி, தவளை, இரட்டைத் தலைப் பாம்பு என்று ஒவ்வொன்றாக நுழைந்தன. விளையாடிப் பிடித்தவற்றுக்கு ஒரு தடையும் இல்லை. கம்ப்யூட்டரில் போட்டு நகல் எடுத்ததை மட்டும் அந்தக் கதவு கண்டுபிடித்து நிறுத்திவிடும்.

நீலனைக் கொடுத்தவன் ஆசிப்.

காலேஜ் கடைசி வருஷத்தில் இருவரும் ஆளுக்கொரு பிராணியை மாற்றிக்கொண்டார்கள். இருப்பதில் எது மிகப் பிடித்ததோ, எது தன்னிடம் ஒன்றே ஒன்றாக இருக்கிறதோ, அதைக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. லீவு முழுக்கத் தேடிப் பிடித்ததாகச் சொல்லி அவன் நீலனைக் கொடுத்தான். அவள், தான் முதன்முதலில் பிடித்ததைக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முதல் நாள் முழுக்க அழுதிருந்தாள்.

பெரியவர்கள் பேசி மோதிரம் போட்டது இந்த வருஷம்தான். லமீஸைப் பொறுத்தவரை அன்றைக்கே, கேன்டீன் மேஜையிலேயே, நிச்சயம் முடிந்துவிட்டது.

அவள் எழுந்து போய் அம்மாவிடம், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள்.

நஜீமா அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தை முழுக்கக் கேட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. "மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. ஒரு ஆமைக்காவாடி?"

"ஆமைக்காக இல்லம்மா. இதுலயே ஏமாத்துறவரு, நாளைக்கு எதுலதான் ஏமாத்த மாட்டாரு?"

நஜீமா கையைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கே போன் போட்டாள்.

மேட்டுப்பாளையம் பேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் ஆசிப் வீட்டுக்குப் போய், ஒரு பையை எடுத்துக்கொண்டு முல்லா வீதியில் லமீஸ் வீட்டுக்கு வந்தான். சட்டையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. நஜீமா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"காலைலேர்ந்து சாப்புடல மாப்ள. ஏதோ ஆமையாம், உள்ள விடலியாம். என்னான்னு நீங்களே கேளுங்க."

அவள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். காது மட்டும் கூடத்திலேயே இருந்தது.

லமீஸ் தன் மெஷினை அவன் முன்னால் வைத்தாள். மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். எப்போதும் வா, போ என்று பேசுகிறவள், அன்று நீங்க என்று ஆரம்பித்தாள்.

"நீங்க குடுத்தது காப்பி. ஒரிஜினல் உங்ககிட்டதான் இருக்கு. இல்லன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் திரையின் பக்கம் குனிந்தான். மூடிய கதவுக்கு முன்னால் நிற்கும் ஆமையைப் பார்த்தான்.

"இருக்கு. குடுக்க மனசு வரல."

அவன் மறுத்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இந்த ஆமையைக் காட்டி எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறாள். ஊரில் யாரிடமும் இல்லாததைத் தனக்குத் தூக்கிக் கொடுத்தவன் என்று சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"அப்ப நான் மட்டும் எப்புடிக் குடுத்தேன்?" குரல் தேவைக்கு மேலேயே ஏறியது. "எனக்கு மனசு இல்லியா?"

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஆசிப் டீயை மெதுவாகக் குடித்து முடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான். பிறகு பையைத் திறந்து, தன் மெஷினை எடுத்து, அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்து ஆன் செய்தான்.

அந்தத் திரையிலும் அதே கதவு. அதே வரி. கதவுக்கு வெளியே ஒரு குருவி சிவப்பு வாலை ஆட்டியபடி நின்றுகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே பூந்தி என்று பெயர் மின்னியது.

லமீஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆசிப் மோதிரத்தை விரலால் தள்ளி அவள் பக்கமாக நகர்த்தினான்.

"பொண்ணு கேட்டு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இது வாசல்ல நின்னுடுச்சு."