நூற்றுக்குத் தொண்ணூறு

"பயப்படாதீங்க ஐயா. நூத்துக்குத் தொண்ணூறு பேர் நல்லபடியா எழுந்து வீட்டுக்குப் போயிடுறாங்க," என்றார் இதய ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர். கட்டிலில் படுத்திருந்த குமுதவல்லியின் முகம் தெளிந்தது. அவள் கணவர் தணிகாசலம் சட்டைப்பையில் இருந்த ரேஸ் நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முப்பது வருடம் ரேஸுக்குப் போனவர். அவருடைய நோட்டில் குதிரையின் வயது, எடை, ஜாக்கி, மழையில் நனைந்த தரை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு என்று நோட்டுக் கணக்கு சொன்னபடி ஜெயித்த குதிரை ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. தோற்றவைதான் வரிசையாக வந்தன. கடைசி வளைவில் கால் மடங்கி விழுந்த சாம்பல் நிறக் குதிரை, விழுந்த பிறகும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். தணிகாசலத்தின் கையில் பேனா நகரவில்லை.

"என்னங்க, இதுக்கும் நோட்டைப் பார்க்கணுமா?" என்று சிரித்தாள் குமுதவல்லி.

நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், அவரே எழுதி வைத்த விதி ஒன்று இருந்தது: இருப்பதையெல்லாம் ஒரே குதிரைமேல் வைக்காதே.

கையெழுத்துப் போட்டார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுவதற்குள் குமுதவல்லி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.