நல்லகாமன் சொல்லாமல் விட்ட வசனம்

மாலை வகுப்பு நடக்கும் தகரக் கொட்டகையில் இன்று நாடக ஒத்திகை. சாய்ந்த வெயில் கூரைப் பொத்தல்கள் வழியே ஜலீலின் முக்காட்டில் வட்ட வட்டமாக விழுகிறது. ஸ்பெயின் தேசத்துச் சோக நாடகம். மகள்களை வீட்டுக்குள் பூட்டிவைத்து ஆளும் தாயை இளைய மகள் எதிர்த்து நிற்கும் கட்டம். அதைத் தமிழில் எழுதிய நல்லகாமன், அந்த மகளாக நடிக்கத்தான் ஆசைப்பட்டான். குரல் கட்டை என்று சொல்லி, அந்த வேஷத்தை வாத்தியார் ஜலீலுக்குக் கொடுத்துவிட்டார். நல்லகாமன் இப்போது பக்கத்திரைக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறான்.

“எவளும் வாசப்படி தாண்டக் கூடாது!” தாயாக நடிக்கும் சுருளி சாவிக்கொத்தை ஆட்டுகிறான். ஜலீலுக்கு வசனம் வரவில்லை. கண் பக்கத்திரைக்கு ஓடுகிறது. ‘நான் மூச்சுவிடவும் உன் உத்தரவு வேண்டுமா, அம்மா?’ மூன்று நாள் அடித்து அடித்து எழுதிய வரி. நல்லகாமனின் விரல் அதன் மேல்தான் இருக்கிறது. தவிக்கட்டும் என்று வாயை இறுக்கிக்கொள்கிறான். ஜலீல் மூச்சை இழுத்து, நிமிர்ந்து, பேசாமல் சுருளியையே பார்க்கிறான். பெஞ்சுகளில் ஒருவரும் அசையவில்லை. சாவிக்கொத்துப் பிடித்த கை தானாகத் தாழ்கிறது.

“யே மாப்ள, எம்புட்டுப் பயந்துட்டேன் தெரியுமா!” என்கிறான் சுருளி. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். “நல்லகாமா, அங்க வசனமே வேணாம். அடிச்சிரு.”

ஜலீல் முக்காட்டோடு ஓடிவந்து அவன் தோளைப் பிடிக்கிறான். “வேணும்னுதானே சொல்லாம விட்டீங்க? இம்புட்டு நல்லா வரும்னு எப்படிண்ணே தெரிஞ்சது?”

நல்லகாமன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அந்த வரியின் மேல் பென்சிலை வைத்து இழுக்கிறான்.