ஆமை பதில் போடுகிறது

கிடங்கில் ஸ்டோர் பார்த்த ஆமைக்கு போனில் இருக்கும் ஆபீஸ் குரூப் என்றாலே எரிச்சல். ஒரு பதில் தட்டி முடிப்பதற்குள் அங்கே புதிதாக நாலு கேள்வி விழுந்துவிடும்.

"கம்ப்யூட்டர் கோடு எழுதத் தெரிய வேண்டாம் அண்ணே, கோடு இழுக்கத் தெரிஞ்சா போதும்" என்றது டெஸ்பாட்ச் அணில். "இந்த ஆப்ல பாருங்க, இந்தப் பக்கம் குரூப், அந்தப் பக்கம் ஏஐ. நடுவுல ஒரு கோடு இழுத்து விடுங்க. உங்க பேர்ல அதுவே பதில் போட்டுடும். நானும் முயலும் அப்படித்தான் ஓட்டுறோம்."

ஆமை இழுத்தது. அன்று முதல் குரூப்பில் அதன் பெயர் விழுந்தால் போதும், கண் மூடித் திறப்பதற்குள் பதில் போய்விடும். முதலாளி யானையே மெச்சியது. ஆமையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டது.

ஒரு நாள் கிடங்கில் ஆமை மூட்டையிலிருந்து வழுக்கி மல்லாந்து விழுந்தது. நாலு காலும் காற்றைத் துழாவின. போன் மட்டும் எட்டியது.

"ஸ்டோர்ல மல்லாந்து கிடக்கேன். மூச்சு முட்டுது. யாராவது வந்து புரட்டி விடுங்கப்பா."

உடனே அணிலிடமிருந்து பதில் வந்தது: "ஸ்டோர் விஷயமா? ஆமையண்ணன் பார்த்துக்குவார்."

முயலிடமிருந்தும் வந்தது: "ஆமா, அவர்தான் சரியான ஆள்."

ஆமை பல்லில்லாத வாயை நறநறவென்று கடித்தது. அதற்குள் இன்னொரு பதில்.

"இதோ கிளம்பிட்டேன். கவலைப்படாதீங்க."

ஆமைக்குப் போன உயிர் திரும்பியது. இந்தக் கூட்டத்திலும் ஒரு நல்ல ஜீவன் இருக்கிறதே என்று கழுத்தை நீட்டி, வருவது யாரென்று பெயரைப் பார்த்தது.

ஆமையின் பெயரேதான்.